தீபாவளிக் கூட்டத்தில் ஜவுளிக்கடை கவுண்டரைச் சமாளிப்பது எப்படி

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் கவுண்டர் திணறுவதற்குக் கூட்டத்தைவிட, மடிக்காமல் குவிந்த துணிதான் பெரிய காரணம். குவியலுக்கு அடியில் போன சேலை அன்றைக்கு விற்காது.

கடை திறக்க அரைமணி நேரம் முன்பே சேலைகளை முதலில் விலைவாரியாகவும், அதற்குள் நிறவாரியாகவும் அடுக்கிவிடுங்கள். விலைச்சீட்டு வெளியே தெரிய வேண்டும். ரெடிமேட் சட்டைகளில் 38, 40, 42 சைஸ்கள் முதலில் தீரும். ஒரு டிசைனில் மூன்று உருப்படி மிஞ்சும்போதே குடோனுக்குச் சொல்லுங்கள். மாலையில் சொன்னால் சரக்கு மேலே ஏறி வருவதற்குள் ஆள் வேறு கடைக்குப் போயிருப்பார்.

"என்ன வேணும்?" என்றால் "சும்மா காட்டுங்க" என்றுதான் பதில் வரும். "யாருக்குக்கா எடுக்கிறீங்க? எவ்வளவுக்குள்ள பார்க்கலாம்?" என்று கேளுங்கள். சொன்ன விலையிலிருந்தே தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் விலை கூடியதைக் காட்டினால் முகம் சுருங்கிவிடும். ஒரே நேரத்தில் ஐந்து சேலைக்கு மேல் மேசையில் வேண்டாம். ஆறாவதை எடுக்கும்போது, பிடிக்காத ஒன்றை மடிப்பவர் பக்கம் தள்ளிவிடுங்கள். முந்தானையையும் பார்டரையும் காட்டினால் போதும். இரண்டில் எது என்ற கட்டம் வந்த பிறகு முழுதாக விரிக்கலாம். மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடித்தால்தான் அடுக்கு சரியாமல் நிற்கும்.

பட்டுப் பிரிவில் இன்னொரு கவனம் தேவை. ஐப்பசி மழையில் நனைந்த குடையும் ஈரக்கையும் பட்டில் கறையாக நின்றுவிடும். ஓர் உலர்ந்த துண்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கல் மோதிரம் இழையை இழுக்கும். விற்பவர் கழற்றி வைப்பது நல்லது.

குழந்தைத் துணிக்கு வயதை நம்பாதீர்கள். ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள் இரண்டு சைஸ் வித்தியாசம் வரும். வீட்டில் இருப்பவர்களுக்குப் போன் போட்டு, இப்போது போடும் சட்டையின் சைஸைக் கேட்கச் சொல்லி, அதற்கு ஒரு சைஸ் கூட்டிக் கொடுங்கள். துணியை மாற்றுவதற்கான கெடுவைப் பில்லில் சுட்டிக்காட்டி, டேக்கை வெட்ட வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

பில் கவுண்டரில் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத் துணியைக் கொடுக்காதீர்கள். பணம் வந்ததாக ஸ்பீக்கர் சொல்ல வேண்டும், அல்லது கடை போனில் வரவு தெரிய வேண்டும். 500 ரூபாய்த் தாளைச் சாய்த்தால் அதிலுள்ள இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும்.

இனி, உங்கள் உடம்பு. கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் நிற்பவர்கள் ஏராளம். தலைவலியும் சிறுநீர்க் கடுப்பும் அதில்தான் வருகின்றன. பக்கத்து கவுண்டரோடு பேசி, முறைவைத்துப் போய் வாருங்கள். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. ஆள் இல்லாத இரண்டு நிமிடமானாலும் உட்காருங்கள். அது உங்கள் உரிமை. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் இரட்டிப்புக் கூலி உண்டு. வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்; சம்பளத்தன்று கணக்குக் கேட்க அது கையில் இருக்க வேண்டும்.