கட்டுரையை ஊன்றிப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஞாயிறு காலை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வரும் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். கதை என்றால் ஆவலோடு படிப்பார்கள். கட்டுரை என்றால் கடைசி வரி வந்ததும் "முடிஞ்சது ஆன்ட்டி" என்று தாளைக் கவிழ்த்துவிடுவார்கள். என்ன படித்தாய் என்று கேட்டால் ஓர் ஆண்டும் ஓர் எண்ணும்தான் வரும். இதை மாற்ற நான் செய்வதை, முதல்முறை வகுப்பெடுப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: சின்னப் பத்தி

ஐந்தாறு வரி போதும். வரிகளுக்கு நடுவே விரல் அகலத்துக்கு இடம் விட்டு அச்சடியுங்கள், பிள்ளைகள் அதில் எழுத வேண்டும். நான் எழுதி வைத்திருக்கும் பத்தி இது:

"1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் சென்னையிலிருந்து வந்த 342 பேர் இருந்தனர். கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டனர். முதல் ஆண்டில் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங்தான். நல்ல வாழ்வு கிடைக்கும் என்று நம்பி வந்தார்களாம்."

படி 2: முதல் வாசிப்பு, பென்சில் இல்லாமல்

ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். அப்புறம் ஆளுக்கு ஒரு வரியைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலம் கலந்தால் பரவாயில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஒப்பந்தக் கூலி வரலாற்றை முன்கூட்டியே விளக்காதீர்கள். முதல் வருஷம் நான் அரைமணி நேரம் விளக்கினேன். பிள்ளைகள் நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள், பத்தியை யாருமே படிக்கவில்லை.

படி 3: இரண்டாம் வாசிப்பு, வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு

வகுப்பின் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். இப்போது பென்சில் கொடுத்து, எல்லா வினைச்சொல்லுக்கும் அடியில் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: "யார் செய்தது?"

"வந்தது" சுலபம்: கப்பல். "கொண்டுவரப்பட்டனர்" என்ற இடத்தில் வகுப்பு நின்றுவிடும். போன மாதம் பத்து வயதுப் பெண் ஒருத்தி அந்த வரியில் விரலை வைத்து முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கொண்டுவந்தது யாருன்னு இங்க இல்லையே ஆன்ட்டி" என்றாள். அவள் சொன்னது சரி. செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். "தேவைப்பட்டனர்" செயப்பாட்டுவினை இல்லை, ஆனால் அதிலும் ஓர் ஆள் விடுபட்டிருக்கிறார். யாருக்குத் தேவைப்பட்டார்கள்? முதலாளிக்கா, அரசாங்கத்துக்கா? பத்தியில் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போடட்டும். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

பிள்ளை எதைச் சொன்னாலும் "எந்த வரியில் இருக்கு கண்ணு? விரலை வை" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னாலும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், நீங்கள் கேட்டதுமே பதிலை மாற்றிவிடுவார்கள்.

படி 4: தகவலா, எழுதியவர் கருத்தா?

தமிழில் இதற்குச் சின்னச் சின்ன ஒட்டுகளே துப்புக் கொடுக்கும். "பத்து ஷில்லிங்" என்பது தகவல். "பத்து ஷில்லிங்தான்" என்றால், அது குறைவு என்று எழுதியவர் நினைக்கிறார். "வந்தார்களாம்" என்றால் அவர் யாரோ சொல்லக் கேட்டு எழுதுகிறார். தான், ஆம், கூட, மட்டுமே இவற்றை வட்டமிடச் சொல்லுங்கள். வட்டமிட்டதை நீக்கிவிட்டு வரியை மறுபடி படிக்கச் சொன்னால், மாறுவது என்ன என்று அவர்களுக்கே கேட்டுவிடும்.

படி 5: பக்கத்தில் இன்னொரு ஆவணம்

ஒப்பந்தத்தில் வந்தவர்களின் கப்பல் பட்டியல்கள் குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுதுலி ஆவண மையத்தில் இருக்கின்றன. 1911 வரை வந்தவர்கள் ஒரு லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேல். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் அவை. கவண்டர் (கவுண்டர்), மூட்லி (முதலி) என்று தங்கள் குடும்பப் பெயரைப் பார்த்தாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு பக்கத்தைக் கொடுத்து, "நம்பி வந்தார்களாம் என்பதற்கு இதில் ஆதாரம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு தலைப்பாகத் தேடுவார்கள். தழும்புக்கு இடம் இருக்கும். ஏன் வந்தார் என்பதற்கு இருக்காது. பத்தியின் ஓரத்தில் இன்னொரு கேள்விக்குறி விழும்.

அந்தப் பத்தித் தாளை வாங்கி வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் எழுதி வரட்டும். வாக்கியம் "வந்தார்களாம்" போல "ஆம்" என்று முடிய வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.