மதர் கரேஜ் நாடகத்த நம்ம நெல்லைப் பக்கம் போடணும்னா

ஜெர்மன் நாடகக்காரர் பிரெக்ட் எழுதுன மதர் கரேஜை திருநெல்வேலித் தமிழ்ல போடணும்னு நினைக்கவங்க எடுத்த உடனே வசனத்துல கைய வைக்காதீங்க, மத்த ஊர் மேடையில இந்த நாடகம் என்ன பாடுபட்டுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. 1941 ஏப்ரல்ல சூரிச்ல முதமுதல்ல போட்டப்ப மதர் கரேஜ்ங்கிற அந்த வியாபாரிப் பொம்பளையப் பாத்து பெத்த வயிறுல்லான்னு உருகிட்டாங்க. பிரெக்டுக்கு அது ஆகல, ஏன்னா அவ பட்டாளத்துச் சண்டைய நம்பி சாமான் வண்டி கட்டிக்கிட்டுப் போறவ, அந்தச் சண்டையேதான் அவ மூணு பிள்ளையளையும் முழுங்குது. அதனால 1949ல பெர்லின்ல போடுததுக்கு முன்ன சில இடத்த மாத்துனாரு. மூத்தவன பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போற நேரத்துல அவ பெல்ட் பக்கிளுக்கு விலை பேசிக்கிட்டு நிக்கா. காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட சட்டை கேட்டா தரமாட்டேங்கா, பிடுங்கித்தான் கிழிக்காங்க. நாடகம் நீளமா இருக்குன்னு இந்தப் பேரத்தை மட்டும் வெட்டிராதீங்க.

பட்டாளத்துக்காரங்க கையில மாட்டுன ரெண்டாவது மகன் உசுருக்கு அவ லஞ்சம் பேசுத இடம் இருக்குல்லா, அதை மாட்டுச்சந்தையில பேசுத மாதிரி துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு செஞ்சு பாருங்க, நம்ம ஜனத்துக்கு யாரும் விளக்க வேண்டாம். அவ விலையக் குறைச்சுக்கிட்டே இருக்கையில துப்பாக்கிச் சத்தம் கேக்கும். பெர்லின்ல மதர் கரேஜா நடிச்ச ஹெலன வைகல் அந்த இடத்துல தலைய பின்னால சாச்சு வாயத் தொறந்தாங்க, சத்தமே வரல. சிங்கப்பூர்ல குண்டு போட்டப்ப செத்துப்போன மகன் பக்கத்துல குத்தவச்சிருந்த ஒரு இந்தியப் பொம்பளையோட பத்திரிகைப் போட்டோவுல இருந்து அது வந்திருக்கும்னு பிரெக்டோட குறிப்புல இருக்கு. கடையநல்லூர், தென்காசியில இருந்து எத்தனையோ குடும்பம் சிங்கப்பூர் போன பூமி இது, எனக்கு அதைப் படிச்சப்ப அடிவயித்துல என்னமோ பண்ணுச்சு. நம்ம நடிகைக்கு கை தன்னால நெஞ்சுல அடிக்கப் போகும், ஒப்பாரி தொண்டை வரைக்கும் வந்துரும், தடுங்க, வாய் மட்டும் தொறக்கட்டும்.

பாட்டுக்கு வில்லுப்பாட்டு போதும். என்ன நடக்கப்போகுதுன்னு ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாலயே சொல்லிருததுதான் பிரெக்ட் வழி, நம்ம கோயில் கொடையில பாடுதவரு சொல்ல பக்கத்துல ஆமா போடுதாரே, அதுவும் அதே சோலிதான.

வண்டி? பெர்லின்ல சுழலும் மேடை இருந்துச்சு, நமக்கு களத்துல ஜனம் சுத்தி உக்காந்தா போதும், ஆனா மாட்டு வண்டி வேண்டாம், கடைசியில ஒத்தப் பொம்பளையா அவ இழுக்கணும்லா.

பிரெக்ட் 1956ல இறந்தாரு, நம்ம சட்டத்துல பதிப்புரிமைக்கு உள்ள 60 வருசம் தாண்டியாச்சு, ஆனா இங்கிலீஷ்ல இருந்து மொழிபெயர்த்தீங்கன்னா அந்த மொழிபெயர்ப்புக்கு அனுமதி வாங்கிருங்க.

அப்புறம் ஒத்திகையில அதிக நேரம் கடைசிக் காட்சிக்குக் குடுங்க. செத்த மகள அடக்கம் பண்ண வைகல் பையில இருந்து காச எடுத்து, ஒரு காச மட்டும் திருப்பி உள்ள போட்டுட்டு மிச்சத்தைக் குடுத்தாங்களாம். அந்த ஒத்தக் காசு பையில விழுத சத்தம் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கு கேக்குத வரைக்கும் செஞ்சு செஞ்சு பாருங்க.