ஒரே துணி, மூன்று உடை: ஆர்டருக்குத் தைக்கும் ஆன்லைன் கடைக்கு இருப்புக் கணக்கு

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரே இரவில் என் கடைக்கு இண்டிகோ காட்டனில் இரண்டு குர்தி, இரண்டு ஃபிராக் ஆர்டர் வந்தது. காலையில் டேப் வைத்து அளந்தால் அலமாரியில் ஆறு மீட்டர்தான் இருக்கிறது. தேவையோ எட்டு. கடைப் பக்கத்தில் குர்தி 2, ஃபிராக் 4 என்று போட்டிருந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு எண்ணும் சரி. ஆனால் இரண்டும் ஒரே ஆறு மீட்டரைக் காட்டித்தான் வாக்குக் கொடுத்திருந்தன. ஒரு அக்காவிடம் போனில் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.

அன்றிலிருந்து நான் உடைகளை எண்ணுவதில்லை, மீட்டரைத்தான் எண்ணுகிறேன். அதற்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். தொடங்கும்போதே காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம்.

முதல் படி: துணிப் பக்கம்

ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு வரி. குறியீடு, பன்னா (துணியின் அகலம்), வந்த மீட்டர், ஒதுக்கியது, ஆர்டருக்குப் போனது, மீதி என்று பத்திகள் போடுங்கள். காட்டன் துணியை நனைத்துத்தான் வெட்ட வேண்டும், அப்போது சுருங்கும். அதற்காக 20 மீட்டர் ரோலில் 1 மீட்டரை நான் முதலிலேயே ‘ஒதுக்கியது’ பத்தியில் எழுதிக் கழித்துவிடுவேன். விற்க 19 மீட்டர்.

அதே டிசைனில் அடுத்த ரோல் வந்தால் பழைய வரியில் கூட்டாதீர்கள். சாயம் கொஞ்சம் மாறியிருக்கும். உடம்பு ஒரு ரோலிலும் கை இன்னொரு ரோலிலும் வெட்டினால் வெயிலில் பளிச்சென்று தெரியும். துண்டுகளுக்கும் இதே விதிதான். மீதி 9 மீட்டர் என்றால் மூன்று குர்தி வரும் என்று தோன்றும். அது 4.6, 4.4 என்று இரண்டு துண்டாக இருந்தால் துண்டுக்கு ஒன்றாக இரண்டுதான் வரும். அதனால் துண்டுக்கும் ஒரு வரி.

இரண்டாம் படி: எந்த உடைக்கு எவ்வளவு

44 அங்குலப் பன்னாவில் நான் வைத்திருக்கும் அளவு: குர்தி 2.5 மீட்டர், சிறுமி ஃபிராக் 1.5, ஜாக்கெட் 1. அம்மா-மகள் செட் 4 மீட்டர். அது தனிச் சரக்கு இல்லை, குர்தியும் ஃபிராக்கும் சேர்ந்ததுதான். உங்கள் டெய்லரைக் கேட்டு உங்கள் எண்களைப் போடுங்கள். இணையத்தில் கிடைக்கும் அளவை நம்பி நான் ஒரு முறை கை இல்லாத குர்தி தைத்திருக்கிறேன்.

மூன்றாம் படி: ஆர்டர் பக்கம்

தேதி, ரோல் குறியீடு, உடை, மீட்டர், நிலை. ஆர்டர் உறுதியான நிமிடமே மீட்டரை எழுதிவிடுங்கள். துணி இன்னும் அலமாரியில்தான் இருக்கும், ஆனால் அது உங்களுடையது இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் வெட்டும்போது கழிப்பார்கள். குளறுபடி அங்கேதான் தொடங்குகிறது.

நிலைக்கு ஐந்து சொல் போதும்: ஆர்டர், வெட்டியாச்சு, அனுப்பியாச்சு, ரத்து, வெட்டியபின் ரத்து. ‘ரத்து’ தவிர மற்ற நான்கும் துணியைத் தின்றவை. துணிப் பக்கத்தில் ‘ஆர்டருக்குப் போனது’ பத்தியில் சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரத்தைப் போட்டு, அந்த ரோல் குறியீட்டுக்கு எதிரே உள்ள மீட்டர்களில் ‘ரத்து’ இல்லாதவற்றை மட்டும் கூட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் மீதியை 2.5 ஆல் வகுத்து, ரவுண்ட்டவுன் (ROUNDDOWN) சூத்திரத்தால் தசமத்தை வெட்டினால் அதுதான் இப்போது வாங்கக்கூடிய குர்தி எண்ணிக்கை. 19 மீட்டர் இருக்கும்போது குர்தி 7, ஃபிராக் 12, ஜாக்கெட் 19. நான்கு குர்தி போனதும் மீதி 9 மீட்டர். முழுத் துண்டாக இருந்தால் குர்தி 3, ஃபிராக் 6, ஜாக்கெட் 9. குர்தி விற்றதும் ஃபிராக் எண்ணும் குறைகிறது பாருங்கள், நமக்கு வேண்டியது இதுதான்.

நான்காம் படி: கடையில் ஏற்றுவது

நான் பயன்படுத்துவது வூகாமர்ஸ், வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள். எஸ் முதல் எக்ஸ்எல் வரை ஒரே அளவு துணி என்றால், ஸ்டாக் எண்ணிக்கையைத் தாய்ப் பொருளின் (எல்லாச் சைஸையும் உள்ளடக்கிய பொருளின்) இன்வென்டரி பகுதியில் மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு சைஸிலும் ஸ்டாக்கைத் தனியாகக் கணக்கிடும் டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லாச் சைஸும் ஒரே எண்ணிலிருந்து குறையும். டபுள் எக்ஸ்எல்லுக்கு 3 மீட்டர் பிடிப்பதால் அதைத் தனிப் பொருளாக்கினேன். குர்திக்கும் ஜாக்கெட்டுக்கும் இடையிலான பங்கீட்டை வூகாமர்ஸ் தானாகச் செய்யாது. காலையும் இரவும் ஷீட்டைப் பார்த்துக் கையால்தான் மாற்றுகிறேன். ஐந்து நிமிட வேலை.

பணம் கட்டாமல் நிற்கும் ஆர்டருக்கு ஸ்டாக்கைப் பிடித்துவைக்கும் நேரம் இயல்பாக 60 நிமிடம். அதை அப்படியே விடலாம். பேக்ஆர்டரை, அதாவது ஸ்டாக் தீர்ந்த பிறகும் ஆர்டர் எடுப்பதை, அச்சுத் துணிக்கு மூடிவையுங்கள். எப்போதும் கிடைக்கும் வெள்ளை லைனிங் துணியில் தைப்பவற்றுக்கு மட்டும், வாடிக்கையாளருக்குத் தெரிவித்து ஏற்கும் தேர்வைத் திறக்கலாம்.

ஐந்தாம் படி: கடைசி ஐந்து மீட்டர்

மீதி ஐந்துக்குக் கீழே வந்ததும் ஒரே ஒரு உடையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகிறேன். பெரும்பாலும் ஜாக்கெட்தான். சின்னத் துண்டிலும் வெட்டலாம், டெய்லரும் முணுமுணுக்க மாட்டார்.