உபுண்டுவிலிருந்து டெபியன் 13-க்கு மாறுதல்: பைல்கள், பேக்கேஜ்கள், பயர்பாக்ஸ்

உபுண்டு, டெபியன் இரண்டும் லினக்ஸ் இயங்குதளங்கள். உபுண்டுவே டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். மென்பொருளை நிறுவ, நீக்க உதவும் கருவி இரண்டிலும் ஆப்ட், இரண்டிலும் டெப் பேக்கேஜ். அதனால் மாறுவது சுலபம் என்று நினைத்துத்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். இன்ஸ்டால் செய்வது உண்மையிலேயே சுலபம். கிளம்புவதற்கு முன்னால் உபுண்டுவில் என்ன செய்து வைத்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பென்டிரைவில் ஐஎஸ்ஓ எழுதுவது, பயாஸில் பூட் வரிசை மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், பேக்கேஜ் பட்டியல்

டெர்மினலில் ஆப்ட்-மார்க் கட்டளையோடு ஷோமேனுவல் என்று சேர்த்து அடியுங்கள். வேறொன்றுக்குத் துணையாகத் தானாக வந்து சேர்ந்தவை இதில் வராது, கேட்டு வாங்கியவையும் உபுண்டு நிறுவும்போதே வந்த சிலவும் வரும். அதை ஒரு டெக்ஸ்ட் பைலில் சேமியுங்கள். டிபிகேஜி-யின் கெட்-செலக்‌ஷன்ஸ் வழியைச் சிலர் சொல்வார்கள். அது கணினியில் உள்ள அத்தனையையும் கொட்டும், நமக்கு வேண்டாம்.

இந்தப் பட்டியலையும் அப்படியே டெபியனில் ஊட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றாலும் ஆப்ட் மொத்த வேலையையும் நிறுத்திவிடும். உபுண்டு-டெஸ்க்டாப் போன்றவை அங்கே இல்லை. விஎல்சி, ஜிம்ப் பெயர்கள் மாறாது. குரோமியம்-பிரவுசர் அங்கே வெறும் குரோமியம். உபுண்டுவில் பதிப்பு எண்ணோடு வரும் நிவிடியா டிரைவருக்கு டெபியனில் எண் கிடையாது. பெயர் நிவிடியா-டிரைவர், அவ்வளவுதான். அதுவும் டெபியன் களஞ்சியத்தின் கான்ட்ரிப், நான்-ஃப்ரீ பிரிவுகளைச் சேர்த்த பிறகுதான் வரும். பட்டியலை ஒரு தடவை கண்ணால் பார்த்து, தேவையானதை மட்டும் கையால் எடுங்கள். பாதி பேக்கேஜ்களை ஏன் போட்டோம் என்றே நினைவிருக்காது, அவற்றை விட்டுவிடலாம்.

பயர்பாக்ஸ்: இங்கே கொஞ்சம் நில்லுங்கள்

புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் ஹோமுக்குள் (உங்கள் சொந்த பைல்கள் இருக்கும் ஃபோல்டர்) டாட்-மொசில்லா என்ற மறைவு ஃபோல்டரில் இருக்கும் என்பது பழைய கணக்கு. உபுண்டு 22.04 முதல் பயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற வேறு வகைப் பேக்கேஜாக வருகிறது. அதன் டாட்-மொசில்லா இருப்பது ஹோமில் உள்ள ஸ்னாப் ஃபோல்டர், அதற்குள் பயர்பாக்ஸ், அதற்குள் காமன் என்ற இடத்தில். பயர்பாக்ஸை மூடிவிட்டு, அங்கிருந்து அதைத் தனியாக நகலெடுங்கள்.

டெபியனில் இயல்பாக வருவது பயர்பாக்ஸ் இஎஸ்ஆர், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதன் பதிப்பு எண் பெரும்பாலும் பின்தங்கியிருக்கும். புதிய பதிப்பில் ஓடிய ப்ரொஃபைலை (உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டுகளின் தொகுப்பு) பழைய பதிப்பு திறக்காது; புது ப்ரொஃபைல் தொடங்கச் சொல்லும். என் வழி: டெபியனை நிறுவி முடித்ததும், மொசில்லாவே நடத்தும் ஆப்ட் களஞ்சியத்தைச் சேர்த்து, இஎஸ்ஆர் இல்லாத பயர்பாக்ஸைப் போடுவது. பிறகு நகலை ஹோமில் வையுங்கள். திறந்ததும் எல்லாம் காலியாகத் தெரிந்தால் பதறவேண்டாம். ஒவ்வொரு நிறுவலுக்கும் பயர்பாக்ஸ் தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளும். முகவரிப் பட்டையில் அபௌட், முக்காற்புள்ளி, ப்ரொஃபைல்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து, பழையதை இயல்பு ப்ரொஃபைலாக மாற்றிவிட்டு மறுபடி திறங்கள்.

இன்ஸ்டால்

நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ (மீதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சிறிய ஐஎஸ்ஓ) போதும். டெபியன் 12 முதல் வைஃபை போன்றவற்றுக்கான ஃபர்ம்வேர் அதிலேயே இருக்கிறது. முன்பு போல் தனியாகத் தேடி அலையவேண்டியதில்லை.

ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் மேனுவல் பார்ட்டிஷனிங் எடுத்து, அதற்கு ஃபார்மட் வேண்டாம் என்று குறித்து, மவுன்ட் பாயின்டை மட்டும் கொடுங்கள். பயனர் பெயரும் பழையதாகவே இருக்கட்டும். தனி ஹோம் இல்லையென்றால் எக்ஸ்டர்னல் டிஸ்க்தான் கதி. அது எக்ஸ்ஃபேட் ஆக இருந்தால் வெறுமனே காப்பி செய்யாதீர்கள், பைல் அனுமதிகள் போய்விடும். எல்லாவற்றையும் அனுமதிகளோடு ஒரே பைலாக, டார் கட்டிக் கொண்டுபோங்கள்.

நடுவில் ரூட் (முழு அதிகாரம் கொண்ட கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும். காலியாக விடுங்கள். அப்போதுதான் முதல் பயனருக்கு சூடூ உரிமை, அதாவது ரூட் வேலைகளைச் செய்யும் உரிமை, கிடைக்கும். உபுண்டுவில் இந்தக் கேள்வியே வராது என்பதால் பலரும் ஏதோ ஒன்றை அடித்துவிட்டு, பிறகு நீங்கள் சூடூயர்ஸ் பைலில் இல்லை என்ற செய்தியைப் பார்த்து விழிக்கிறார்கள்.

அப்படி ஆகிவிட்டால், டெர்மினலில் சு (ஆங்கிலத்தில் எஸ், யூ) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஒரு ஹைஃபன் போட்டு என்டர் தட்டுங்கள். அந்தக் கோடு முக்கியம். அது இல்லாமலும் ரூட் ஆகலாம், ஆனால் பயனரைச் சேர்க்கும் ஆட்யூசர் கட்டளை, கோடு இல்லாவிட்டால் தேடப்படாத எஸ்பின் ஃபோல்டரில் இருப்பதால் கட்டளையே இல்லை என்று பதில் வரும். ரூட் ஆனதும் ஆட்யூசர், உங்கள் பயனர் பெயர், கடைசியில் சூடூ என வரிசையாக அடித்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

அப்புறம் பேக்கேஜ்கள்

உபுண்டுவின் பிபிஏக்களை (தனிநபர்களும் குழுக்களும் நடத்தும் கூடுதல் களஞ்சியங்கள்) இங்கே சேர்க்கவே கூடாது. அவை உபுண்டுவின் லைப்ரரிகளுக்காகக் கட்டப்பட்டவை; இன்று ஓடும், அடுத்த அப்கிரேடில் கழுத்தை அறுக்கும். புதிய பதிப்பு வேண்டுமென்றால் முதலில் பேக்போர்ட்ஸ் (புதிய பதிப்புகளுக்கான டெபியனின் சொந்தக் களஞ்சியம்), அதில் இல்லையென்றால் ஃப்ளாட்ஹப் என்ற தளத்திலிருந்து ஃப்ளாட்பேக் வகைப் பேக்கேஜ். இந்த வரிசைதான் எனக்குச் சரி. சாஃப்ட்வேர் ஸ்டோர் பக்கம் நான் போவதில்லை. எதை நீக்கப்போகிறது என்பதை ஆப்ட் தெளிவாகக் காட்டிவிட்டுத்தான் ஆம் கேட்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்காமல் என்டர் தட்டாதீர்கள்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என், எழுத்துருவுக்கு ஃபான்ட்ஸ்-டாம்ல். போட்டதும் லாக்அவுட் செய்தால்தான் நோம் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் எம்17என் வகைத் தமிழ்99 தலைகாட்டும்.

பிற்சேர்க்கை: ஆப்ட் ஓடும்போதெல்லாம் டிஸ்க்கைப் போடச் சொல்கிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். டிவிடி ஐஎஸ்ஓவிலிருந்து நிறுவினால் இது வரும். ஈடிசி-க்குள் ஆப்ட் ஃபோல்டரில் உள்ள சோர்சஸ்-டாட்-லிஸ்ட்டைத் திறந்து, சிடிராம் என்று வரும் வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி போடுங்கள். டெபியனின் இணையக் களஞ்சிய வரிகள் அதில் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டு, ஆப்ட் அப்டேட் கொடுங்கள்.