கோபோ வாசிப்பானைக் கிளைடரின் வழிகாட்டித் திரையாக மாற்றுதல்: புதியவர்களுக்கான செய்முறை

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். இழுத்துச் சென்று மேலே விட்ட கணத்திலிருந்து அது சுற்றியுள்ள காற்றினூடே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றோட்டமான தெர்மலுக்குள் வட்டமடித்து உயரம் சேர்த்தால்தான் தொடர்ந்து தொலைவு போக முடியும். ஆகவே அதை ஓட்டுபவரின் மனத்தில் ஓயாமல் ஓடும் கேள்வி, இப்போது இருக்கும் உயரத்தில் எந்தத் திடலை எட்ட முடியும் என்பதே. அந்தக் கேள்விக்கு ஒரே பார்வையில் விடை சொல்லும் திரையைப் பழைய கோபோ மின்னூல் வாசிப்பானில் அமைப்பது எப்படி என்று இங்கே விளக்குகிறேன். பறப்பதற்கு நம் புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் புனேயின் ஹடப்சர் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் கருவியை அமைப்பதும் பழகுவதும் சோதிப்பதும் தரையில் முடிக்க வேண்டிய வேலைகள். அவற்றை ஊரிலேயே முடித்துக்கொண்டு போனால், காற்றில் இருக்கும்போது கண்கள் வெளியே இருக்கும். அங்கேதான் இருக்கவும் வேண்டும்.

ஏன் மின்மைத் திரை?

கத்திரி வெயிலில் கைப்பேசியின் திரை கருத்துப்போவதும், அதே வெயிலில் செய்தித்தாளின் எழுத்து பளிச்சென்று தெரிவதும் நாம் அறிந்ததே. கோபோவில் உள்ள மின்மைத் திரை (இ-இங்க்) செய்தித்தாளின் பக்கம் நிற்பது. அதன் நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்புலத்துக்கேற்ப மேலும் கீழும் நகர்கின்றன. மேலே வந்த துகளின் மீது பட்டுத் திரும்பும் வெளிச்சமே நமக்கு எழுத்தாகவும் கோடாகவும் தெரிகிறது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே நேர்வெயிலில் உட்கார்ந்திருக்கும் கிளைடர் விமானிக்கு இதைவிடத் தெளிவான திரை கிடைப்பது அரிது. படம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரம் எடுக்கும் என்பதும் நன்மைதான், ஆனால் அதை அளவோடு நம்ப வேண்டும். நூல் படிக்கையில் வாரக்கணக்கில் தாங்கும் பேட்டரி, நொடிக்கு நொடி நகரும் வரைபடத்துக்கு மணிக்கணக்கில்தான் தாங்கும். நீண்ட பறத்தலுக்குச் சிறிய பவர்பேங்க் ஒன்று உடன் இருக்கட்டும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

நாம் நிறுவப்போகும் எக்ஸ்சிசோர், திறந்த மூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் கிளைடர் வழிகாட்டி மென்பொருள். இது கிண்டிலில் இயங்காது. லினக்ஸில் இயங்கும் கோபோ வாசிப்பான்களுக்கு இதன் தனிப் பதிப்பு உண்டு. 2012-இல் வந்த கோபோ மினி ஐந்து அங்குலத் திரை கொண்டது. கையடக்கமானது என்பதால் விமானிகளிடையே பெயர் பெற்றது. கோபோ டச், குளோ, கிளாரா எச்.டி. ஆகிய ஆறு அங்குலக் கருவிகளும் பொருந்தும். வாங்கும் முன் எக்ஸ்சிசோர் தளத்தில் உங்கள் மாடல் ஆதரவுப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள்.

இங்கே கடைகளில் கோபோவைத் தேடி அலைவதைவிட, பிரான்ஸில் உறவினர் உள்ள வீடுகளில் விசாரிப்பது பலன் தரும். புதுச்சேரியில் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஃப்னாக் கடைகளில் 'கோபோ பை ஃப்னாக்' என்ற பெயரில் விற்பதும் இதே கருவிதான். பழையதை வாங்கும்போது பின்மூடி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் உள்ளே பேட்டரி கெட்டிருக்கிறது; எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைக் காக்பிட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது.

மினி, டச், குளோ ஆகியவற்றின் தொடுதிரை அகச்சிவப்புக் கதிர்களால் விரலை உணர்வது. கையுறை அணிந்த விரலும் அதில் வேலை செய்யும் என்பதால், குளிரான உயரங்களில் அது பெரிய வசதி.

மென்பொருளை நிறுவுதல்

முதலில் வாசிப்பானை வழக்கம்போல் இயக்கி, அதன் தொடக்க அமைவை முடித்து, பேட்டரியை நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு எக்ஸ்சிசோர் தளத்தில் கோபோவுக்கான 'கோபோரூட்' என்னும் டி.ஜி.இசட். கோப்பைக் கணினியில் இறக்குங்கள். அது சுருக்கப்பட்ட கோப்பு. அதை விரிக்காமல் அப்படியே பயன்படுத்த வேண்டும். சில உலாவிகள் இறக்கிய உடனே தாமாகவே விரித்துவிடும் என்பதால் கோப்பின் பெயர் மாறாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

வாசிப்பானை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியுடன் இணைத்தால் ஒரு பென்டிரைவ் போலத் தோன்றும். அதற்குள் புள்ளியில் தொடங்கும் 'கோபோ' என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கணினியில் அமைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். இறக்கிய கோப்பை அதில் போட்டு, முறைப்படி 'எஜெக்ட்' செய்து, கம்பியைக் கழற்றுங்கள். வாசிப்பான் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கும்போது ஒரு சிறிய மெனு வரும். அதில் 'நிக்கல்' என்பது பழைய நூல் வாசிப்பு மென்பொருள். அது அழியாமல் அப்படியே இருக்கும். எக்ஸ்சிசோரைப் பறக்கும் முறையிலோ பாவனை (சிமுலேட்டர்) முறையிலோ அங்கிருந்தே திறக்கலாம். பின்னாளில் கோபோ நிறுவனத்தின் புதுப்பிப்பை ஏற்றினால் எக்ஸ்சிசோரை மீண்டும் நிறுவ வேண்டி வரலாம்.

வரைபடமும் இடக்குறிகளும்

எக்ஸ்சிசோரின் வரைபட உருவாக்கித் தளத்தில் நமக்கு வேண்டிய பகுதியைக் கேட்டுப் பெறலாம். தொடக்கப் பயிற்சிக்கு வடக்கே செங்கல்பட்டு, தெற்கே சிதம்பரம், மேற்கே திருவண்ணாமலை என்று எல்லை வைத்தால் போதும். சிறிய கோப்பாக இருப்பது பழைய கோபோவின் நினைவகத்துக்கும் நல்லது. கிடைக்கும் எக்ஸ்.சி.எம். கோப்பை வாசிப்பானில் 'எக்ஸ்சிசோர்டேட்டா' என்ற ஃபோல்டரில் வையுங்கள்.

அடுத்தது, நாம் குறிவைக்கும் இடங்களின் பட்டியல். இது 'கப்' என்ற வடிவத்தில் அமைந்த சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு வரிக்கு ஓர் இடம்: பெயர், குறியீடு, நாடு, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று காற்புள்ளியிட்டு எழுத வேண்டும். இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். இணைய வரைபடங்கள் பாகையைத் தசமத்தில் தருகின்றன. கப் கோப்போ பாகையும் நிமிடமுமாகக் கேட்கிறது. லாஸ்பேட்டை விமான நிலையம் ஏறத்தாழ 11.968 பாகை வடக்கு. இதில் 0.968-ஐ 60-ஆல் பெருக்கினால் 58.08 நிமிடம், ஆகவே எழுத வேண்டியது 1158.080, அதன் பின் வடக்கைக் குறிக்கும் எழுத்து. செஞ்சிக் கோட்டை 12.25 பாகை, அதாவது 12 பாகை 15 நிமிடம். அவசரத்தில் 25-ஐ அப்படியே நிமிடமாக எழுதிவிட்டால் பத்து நிமிடப் பிழை நேரும். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர்; ஆகவே கோட்டை 18.5 கிலோமீட்டர் வடக்கே தள்ளிப்போயிருக்கும். கோப்பும் பிழைச்செய்தி இன்றித் திறந்துகொள்ளும். எனவே எழுதிய ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்துச் சரிதானா என்று உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

திரையைச் சீரமைத்தல்

எக்ஸ்சிசோர் நூற்றுக்கும் குறையாத விவரங்களைக் காட்ட வல்லது. அத்தனையையும் காட்டச் சொல்வது தவறு. ஓரத்தில் வரும் தகவல் பெட்டிகளில் ஐந்தாறு போதும்: தற்போதைய உயரம், இலக்கின் தொலைவு, இலக்கை அடையும்போது மிஞ்சும் உயரம், காற்றின் திசையும் வேகமும், ஏறும் வேகம்.

இவற்றோடு கடிகாரம் ஒன்றையும் கட்டாயம் வையுங்கள். நொடியும் அதில் தெரிய வேண்டும். காரணம் மின்மைத் திரையின் இயல்பிலேயே இருக்கிறது. கைப்பேசி செயலற்றுப்போனால் பெரும்பாலும் திரை அணைந்து நமக்குச் சொல்லிவிடும். மின்மைத் திரையோ மின்சாரமே இல்லாமலும் கடைசிப் படத்தை அப்படியே வைத்திருக்கும். மென்பொருள் உறைந்து நின்ற பிறகும் அழகான வரைபடமும், இலக்குக்கு மேலே 200 மீட்டர் மிச்சம் என்ற எண்ணும் கண் முன்னே இருந்துகொண்டே இருக்கும்; நீங்கள் அதற்குள் அந்த 200 மீட்டரை இழந்திருப்பீர்கள். நொடி நகர்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற எண்ணைப் படிக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரட்டும்.

வரைபடத்தில் மலைச்சரிவு நிழல், ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றைக் குறைத்து, கோடுகளையும் எழுத்துகளையும் தடிமனாக்குங்கள். படம் அடிக்கடி மாறும்போது முந்தைய படத்தின் சாயல் திரையில் தங்கும். நுண்ணிய சாம்பல் நிறங்கள் அதிகமானால் இந்தச் சாயலும் கூடும். நேராகப் பறக்கையில் செல்லும் திசை மேலே இருக்கும்படி வைப்பது வசதி. தெர்மலில் வட்டமடிக்கையில் மட்டும் வடக்கு மேலே இருக்கும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வரைபடம் முழுவதும் விமானத்தோடு சேர்ந்து சுழன்று, திரை கலங்கிப்போகும்.

செஞ்சியிலிருந்து ஒரு பாவனைப் பறத்தல்

இப்போது பாவனை முறையைத் திறந்து, கிளைடரைச் செஞ்சிக் கோட்டைக்கு மேலே நிறுத்தி, லாஸ்பேட்டையை இலக்காக வையுங்கள். உண்மையில் அது அனுமதியின்றி இறங்கக் கூடாத விமான நிலையம். நமக்கு இங்கே கணக்குப் பழக மட்டுமே. நேர்க்கோட்டில் இடைவெளி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 30 மீட்டர் முன்னேறும் கிளைடர் என்று கொள்வோம். காற்றில்லாத நாளில் 55,000-ஐ 30-ஆல் வகுக்க 1,833 மீட்டர்; இறங்குமுன் கையிருப்பாக 300 மீட்டர் சேர்த்தால் 2,133 மீட்டர் வேண்டும்.

நம் கரையோரத்திலோ பிற்பகலில் கடற்காற்று கிளம்பிவிடும். செஞ்சியிலிருந்து தென்கிழக்கே வருபவருக்கு அது எதிர்க்காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரில் பறக்கையில் எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் என்றால் தரையைப் பொறுத்த வேகம் 80. முப்பதாக இருந்த விகிதம் 24-ஆகக் குறையும். இப்போது 2,292 மீட்டரும் கையிருப்பும் சேர்ந்து ஏறத்தாழ 2,590 மீட்டர் வேண்டியிருக்கிறது. காற்று அமைப்பில் இந்த எண்களை உள்ளிட்டு, மிஞ்சும் உயரம் எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு திரையோடு ஒப்பிடுவதே சிறந்தது. திரையின் விடை சற்று வேறுபட்டால் நீங்கள் தேர்ந்த கிளைடர் எந்த வேகத்தில் எவ்வளவு இறங்கும் என்று காட்டும் செயல்திறன் வளைவையும், அடுத்த தெர்மலில் எதிர்பார்க்கும் ஏறும் வேகமான மெக்கிரெடி அளவையும் பாருங்கள். மெக்கிரெடி அளவைக் கூட்டினால் மென்பொருள் வேகமாகப் பறப்பதாகக் கணக்கிடும், எட்டும் தொலைவு குறையும். அதோடு, கடற்காற்றின் குளிர்ந்த காற்று நிலத்தின் மேல் பரவிய இடத்தில் தெர்மல் நலிந்துவிடும் என்பதால், வழியில் உயரம் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை திண்டிவனச் சாலையைத் தாண்டிக் கிழக்கே செல்லாது.

ஜி.பி.எஸ். இணைத்தல்

இந்தக் கோபோ வாசிப்பான்களுக்குள் ஜி.பி.எஸ். கிடையாது. வெளியிலிருந்து யூ.எஸ்.பி. வழியாக இணைக்கலாம், அப்போது பழைய கோபோ தன் பக்கமிருந்து மின்சாரம் தராது என்பதால் வெளி மின்சாரம் சேரும் ஓ.டி.ஜி. கம்பி தேவை. இன்னொரு வழி, உட்பலகையில் உள்ள சீரியல் முனைகளில் சிறிய ஜி.பி.எஸ். பலகையைச் சாலிடர் செய்வது. காற்றழுத்த உணரியையும் ஜி.பி.எஸ்.ஸையும் சேர்த்துத் தரும் 'புளூஃப்ளை வேரியோ' பலகை இதற்கென்றே வந்தது. சாலிடரிங் பழகாதவர்கள் கைப்பேசி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது. பழைய கணினிகளின் சீரியல் போர்ட் தரும் ஆர்.எஸ்.232 மின்னழுத்தத்தை இந்த முனைகளில் நேரடியாகக் கொடுத்தால் பலகை எரிந்துபோகும்.

எக்ஸ்சிசோரின் 'டிவைசஸ்' பக்கத்தில் சரியான போர்ட்டையும், தரவு வரும் வேகமான பாட் வேகத்தையும் தேர்ந்தெடுங்கள். ஜி.பி.எஸ். கருவிகள் தரவு அனுப்பும் என்.எம்.இ.ஏ. 0183 நெறிமுறையின் அடிப்படை வேகம் 4800. இன்றைய பலகைகள் பல 9600-இல் தொடங்குகின்றன. வேகம் தவறினால் குப்பை எழுத்துகள்தான் வரும்.

கடற்கரையில் உயரச் சோதனை

இந்தச் சோதனைக்கு நம் ஊர் மிகப் பொருத்தமானது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நின்று, செயற்கைக்கோள் தரும் உயரத்தைப் பாருங்கள். சில மீட்டர் காட்டினால் சரி. கடல்மட்டத்துக்குக் கீழே 80 மீட்டருக்கும் மேல் என்று காட்டினால், ஜி.பி.எஸ். பலகை பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளந்த உயரத்தைத் திருத்தாமல் அனுப்புகிறது என்று பொருள். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்புப் புலம் வலுக் குன்றி, சராசரிக் கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நம் கரை இருக்கிறது. ஐரோப்பாவில் சோதித்தவர் கண்ணுக்கு நாற்பது, ஐம்பது மீட்டராக, அதுவும் எதிர்த்திசையில் தெரியும் பிழை இங்கே இத்தனை பெரிதாகிறது. காற்றழுத்த உணரி இருந்தால், புறப்படும் திடலின் உயரத்துக்கேற்ப கியூ.என்.எச். அளவை, அதாவது கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தத்தை, பதிந்துகொள்ளுங்கள்.

கடலூர்ப் பேருந்தில் ஓட்டச் சோதனை

பேருந்தின் சன்னலோர இருக்கையில் அமர்ந்து, பறக்கும் முறையில் கருவியை இயக்குங்கள். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடக்கையிலும், கடலூருக்குள் நுழையுமுன் தென்பெண்ணைப் பாலத்தைக் கடக்கையிலும் கிளைடர் குறி ஆற்றின் கோட்டின் மேல் வருகிறதா என்று பாருங்கள். அரியாங்குப்பம் நெரிசலில் வண்டி நிற்கும்போது திசை தாறுமாறாகத் திரும்பினால் அஞ்ச வேண்டாம், ஜி.பி.எஸ். நகர்வைக் கொண்டே திசையை அறிகிறது. முக்கியமாக, திரையை ஒரு நொடி மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணை விலக்கி, இலக்கின் தொலைவைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் எழுத்து சிறியது அல்லது பெட்டிகள் அதிகம். வீடு திரும்பியதும் 'லாக்ஸ்' ஃபோல்டரில் சென்ற பாதை பதிவாகியுள்ள ஐ.ஜி.சி. கோப்பைக் கணினியில் திறந்து, பயணத்தின் கோடு நடுவே அறுந்திருக்கிறதா என்று சோதியுங்கள். அறுந்திருந்தால் முதலில் கம்பியின் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

காக்பிட்டில் பொருத்துதல்

இந்தத் திரை சான்றளிக்கப்பட்ட கருவி ஆகாது. விமானத்தின் உயரமானிக்கும் வேகமானிக்கும் மாற்றும் ஆகாது. அவற்றை மறைக்காத இடத்தில், கட்டுப்பாட்டுக் கோலை எல்லாத் திசையிலும் முழுமையாக அசைத்துப் பார்த்து, எங்கும் இடிக்காதபடி பொருத்துங்கள். இழுகயிற்றை விடுவிக்கும் பிடியையும் கூரையைக் கழற்றும் பிடியையும் சுற்றி எந்தக் கம்பியும் போகக் கூடாது. காந்தத்தால் ஒட்டும் தாங்கியும், காந்தம் வைத்த உறையும் திசைகாட்டியைத் திருப்பிவிடும் என்பதால் வேண்டாம். கழன்று விழுந்த ஒரு சிறு பொருள் இருக்கைக்கு அடியில் உருண்டு கட்டுப்பாடுகளை இறுக்கிவிடலாம். எனவே தாங்கியோடு ஒரு கயிற்றாலும் கட்டுங்கள். முதல் பறத்தலை ஆசிரியருடன், அவர் கருவியைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே செய்யுங்கள். தரையிறங்கியதும் வாசிப்பானைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் நிற்கும் கிளைடரின் கண்ணாடிக் கூரை உள்ளே வெப்பத்தை அடைத்து வைப்பதோடு, ஒளியைக் குவித்து இருக்கையையே கருக்கவும் வல்லது. லித்தியம் பேட்டரியை அங்கே விட்டுவைக்கக் கூடாது.