பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்

வீட்டில் உள்ள எல்லா பாஸ்புக்கையும் எடுத்து, நாமினி பதிவாகியிருப்பதாக முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சேமிப்புக் கணக்கில் கொடுத்த பெயர் ஃபிக்சட் டெபாசிட்டுக்கும் தானாக வந்திருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு ரசீதையும் தனியாகப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் காலமாகிவிட்ட அப்பாவின் பெயரே இன்னும் இருப்பது சகஜம். மாற்றுவதற்கு ஒரு படிவம் போதும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு 4 பேர் வரை நாமினி போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம். லாக்கருக்கு இப்படிப் பிரிக்க முடியாது, ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசையாகத்தான் போடலாம்.

அப்புறம், பலரும் குழப்பிக்கொள்வது இது: வங்கிக் கணக்கின் நாமினி, பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டுமே, உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கு. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. இது பல மருமகள்களுக்குத் தெரியாது, மாமியார்களுக்கும்தான்! வேறு மாதிரி பிரிக்க நினைத்தால் உயில் எழுதுங்கள். பத்திரத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திட, அதைப் பார்த்து 2 சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்.