ஆய்வாளரை எண்களால் எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிர்மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் பக்கத்தைக் கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் திறந்தால், கட்டுரைப் பட்டியலுடன் ஒரு சிறு கட்டத்தில் மொத்த மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ் (பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை) என்ற மூன்று எண்கள் தெரியும். நெறியாளரைத் தேடும் மாணவரும் சரி, நியமனக் குழுவில் அமர்ந்திருக்கும் பேராசிரியரும் சரி, அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பட்டியலைத் தொடாமலே முடிவுக்கு வந்துவிடுவதுண்டு. அந்த ஆய்வாளரின் கட்டுரைகள் பிறர் எழுத்தில் எத்தனை முறை எடுத்துக்காட்டப்பட்டன என்பதை அந்த எண்கள் சொல்லுமே தவிர, எதற்காக என்பதைச் சொல்லா.

எச்-இன்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் பத்துக் கட்டுரைகள் தலா பத்து மேற்கோளாவது பெற்றிருந்தால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 10. மூன்றே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் இரண்டாயிரம் மேற்கோள் பெற்றவருக்கு அது 3ஐத் தாண்டாது. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது என்பதால், முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் ஐந்து ஆண்டுக்கு முன் பட்டம் பெற்றவரையும் இதை வைத்து ஒப்பிடுவது முறையாகாது. ஒருவருக்கு ஸ்காலர் எண்ணையும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தின் எண்ணையும் எடுத்து ஒப்பிடுவது அதைவிட மோசம். ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும்கூட (இதழில் வருமுன்னரே இணையத்தில் ஏற்றப்படும் கட்டுரைகள்) கணக்கில் சேர்க்கும் ஸ்காலரில் எண்ணிக்கை பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும்.

மேற்கோளைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய பிழை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் 1998இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை எடுத்துக்காட்டியவர்களில் பெரும்பாலோர் மறுப்பதற்காகவே எடுத்துக்காட்டினர். ஆனால் மறுப்பும் கணக்கில் ஒன்றுதான். இன்னொரு பக்கம், புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கி ஆலிவர் லோரியும் சகாக்களும் 1951இல் வெளியிட்ட கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றிருக்கிறது. அது ஆய்வகங்களில் அன்றாடம் கைகொடுத்த செய்முறை என்பதே காரணம். ஆகவே மேற்கோள் மிகுந்த ஐந்து கட்டுரைகளையாவது திறந்து, அவை மூல ஆய்வா, செய்முறையா, பிறர் ஆய்வுகளைத் தொகுத்த மீள்பார்வையா, திரும்பப் பெறப்பட்டவையா என்று பார்த்துவிட வேண்டும்.

இதழின் இம்பாக்ட் ஃபாக்டரைக் கட்டுரையின் தரமாகக் கொள்வதும் தவறு. அது முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வெளியான கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி, அவ்வளவுதான். படிகங்களின் அமைப்பைக் கணிக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே கட்டுரையால், ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழின் இம்பாக்ட் ஃபாக்டர் சுமார் 2இலிருந்து அடுத்த ஆண்டே ஏறத்தாழ 50க்குத் தாவியது. அதே இதழில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் இருந்தபடியேதான் இருந்தன.

பெயர் வரிசையையும் கவனிக்க வேண்டும். உயிர்மருத்துவத்தில் முதலில் நிற்பவர் பொதுவாக ஆய்வகத்தில் வேலையைச் செய்தவர், கடைசியில் நிற்பவர் குழுவின் தலைவர். உலக நோய்ச்சுமை ஆய்வு போன்றவற்றில் நூற்றுக்கணக்கானோர் இடையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் மேற்கோள் முழுதாகவே ஏறும்.

பெயரே சிக்கலாவது நம்மவர்களுக்குப் பழகிய தொல்லை. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் ‘குமார் எஸ்’ என்று தேடினால் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பலரின் கட்டுரைகள் ஒன்றாக வந்து கொட்டும். முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்லும் படிவத்தில் தந்தையின் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்துக்குப் போய்விட்டால், அந்தக் கட்டுரை தந்தையின் பெயரிலேயே பதிவாகிவிடும். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாக வழங்கப்படும் பதினாறு இலக்க ஆர்கிட் அடையாள எண்ணைக் கொண்டு தேடாமல், இவர் ஒன்றும் எழுதவில்லை என்றோ இத்தனை எழுதியிருக்கிறார் என்றோ சொல்லக் கூடாது.

புதிய கட்டுரைக்கு மேற்கோள் இல்லை என்று ஒதுக்குவதும் அவசரமே. ஆர்.என்.ஏ.வின் கட்டுமானக் கூறுகளான நியூக்ளியோசைடுகளை மாற்றினால் அது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பைத் தூண்டுவது குறைகிறது என்று கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் இம்யூனிட்டி இதழில் எழுதினார்கள். அன்று அதைப் பொருட்படுத்தியவர்கள் மிகக் குறைவு. அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்திய கோவிட் தடுப்பூசிகள் வந்து, இருவருக்கும் 2023இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அந்தக் கட்டுரை அச்சேறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.